கோயம்பேடு மூடிய மாதங்களில் வடசென்னையின் சாப்பாடு

2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வடசென்னையின் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளி நிறையச் சோப்பு நுரை, நுரைக்குள் தக்காளியும் கத்தரிக்காயும். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டவர்களும் உண்டு. சென்னையின் 15 மண்டலங்களில் இராயபுரம் மண்டலத்தில்தான் அந்த மே மாதத்தில் கொரோனா பாதிப்பு மிக அதிகமாக இருந்தது. பக்கத்துத் தெருவுக்குத் தகரத் தடுப்பு வந்துவிட்ட பிறகு, வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் சந்தேகத்தோடு பார்த்த மக்களை யாரும் குறை சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை நடத்தும் குடும்பத்தில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்து, உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவள் நான். அந்த மாதங்களை இப்போது திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை நேராகவே எழுதிவிடுகிறேன். உணவுக்கு அப்போது உண்மையாகவே ஆபத்து இருந்தது. ஆனால் அது தக்காளியின் தோலில் இல்லை. வழியில் நின்றுபோன லாரியிலும், கிடைக்காமல் போன ஐஸிலும், மூட்டை சுமந்தவரின் மூச்சிலும் இருந்தது. நாம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மூன்றையும் பார்க்கத் தவறிவிட்டோம்.

முதலில் அறிவியலைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். கத்தரிக்காயின் மேல் விழுந்தால் அது நேரம் ஆக ஆகச் செயலிழக்குமே தவிர, ஒன்று இரண்டாகாது. உணவின் வழியாக இந்த நோய் பரவுவதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. காய்கறிகளைச் சோப்பிலோ கிருமிநாசினியிலோ கழுவ வேண்டாம், நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், வேண்டுமானால் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு குளோரின் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் அறிவுறுத்தியது. பாக்டீரியாவின் குணம் இதற்கு நேர் எதிரானது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் ஈரமும் சத்தும் உள்ள உணவு கிடந்தால் அது அங்கேயே குடும்பம் பெருக்கத் தொடங்கிவிடும். சென்னையின் ஏப்ரல் வெயிலில் மூடிய வண்டிக்குள் இருக்கும் வெப்பம் பாக்டீரியாவுக்கு மிகவும் வசதியானது. ஆகவே ஊரடங்கு நாட்களில் ஒரு பொருள் வழியில் கூடுதலாகக் கழித்த ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

பாலை எடுத்துக்கொள்வோம். பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி அந்த வெப்பத்திலேயே வைத்து, உடனே குளிர்விக்கிறார்கள். நோய்க்கிருமிகளை அழிக்க அது போதும்; ஆனால் பாலைக் கெடுக்கும் கிருமிகள் எல்லாம் அதில் அழிவதில்லை. அதன் பிறகு பாலைக் காப்பது குளிர் ஒன்றுதான். மாதவரம் பால் பண்ணையிலிருந்து அதிகாலையில் கிளம்பி நீல டப்புகளில் வந்து இறங்கும் பாக்கெட்டை, சோப்பு நுரை காயும் வரை வெயில் படும் கொடியில் தொங்கவிட்டால், வைரஸுக்குப் பயந்து பாலை நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்றுதான் பொருள். பாக்கெட்டைத் தண்ணீரில் அலசிவிட்டு உடனே காய்ச்சிய வீடுகளில் எந்தக் குறையும் வரவில்லை.

மீனின் கதை இதைவிடச் சிக்கலானது. காசிமேட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு மீன் விருந்துச் சாப்பாடு அன்று, அன்றாடச் சாப்பாடு. ஊரடங்கு தொடங்கியதும் விசைப்படகுகள் கரையிலேயே நின்றன. தொடர்ந்து ஏப்ரல் 15இல் ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கிழக்குக் கடற்கரையில் வழக்கமாக ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கும் அந்தத் தடையை, மத்திய அரசு அந்த ஆண்டு மே 31 வரை 47 நாட்களாகக் குறைத்தது. தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், கரையோரம் போய் அன்றன்றே திரும்பும் சிறு படகுகளுக்கு இல்லை. ஆகவே சந்தைக்கு வந்த கொஞ்சம் மீனில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, காலையில் வலையில் விழுந்து மதியத்துக்குள் கூடைக்கு வந்த மீன். மற்றொன்று, வேறு எங்கோ பிடிக்கப்பட்டு, சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வந்த மீன்.

இரண்டாவது வகையைப் பற்றி மக்களிடம் யாரும் உரக்கச் சொல்லவில்லை. காணாங்கத்தை, சூரை, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. பிடித்தவுடன் ஐஸில் புதைக்காவிட்டால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பி, தலை வலித்து, வாந்தி வருவதற்கு இதுவே காரணம். வேகவைப்பதாலோ பொரிப்பதாலோ ஹிஸ்டமின் போகாது. கிருமி செத்துவிடும், அது விட்டுச்சென்ற நஞ்சு குழம்பிலேயே இருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வைரஸைப் பொறுத்தவரை சரி. ஐஸ் இல்லாமல் வந்த காணாங்கத்தைக்கு அது பொருந்தாது.

ஐஸ் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலை படகுகளை நம்பி ஓடுவது. படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லாவிட்டால் இயந்திரத்தை ஓட்டுவதில் பொருள் இல்லை, இயந்திரம் நின்றால் ஐஸ் உடைக்கிறவருக்கும் மீன்பாடி வண்டிக்காரருக்கும் வேலை இல்லை. படகு நின்றதோடு நிற்காமல், சிறு படகில் வந்த மீனுக்கும் தெருவில் கூடை வைத்து விற்கிற பெண்களுக்கும் ஐஸ் அரிதானது இப்படித்தான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயா, அலுமினியக் கூடையில் ஐஸ் இல்லாத நாட்களில் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நிழல் பார்த்தே நடந்து வருவார். விலை கேட்பதற்கு முன்பே, “செவுளைத் தூக்கிப் பாரு கண்ணு, அப்புறம் எடு” என்பார். செவுள் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் உள்ளே குழியாமல் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் எத்தனை கருவி இருந்தாலும், தெருவில் அந்த ஆயாவின் சோதனையைவிட விரைவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஒன்று ஃபார்மலின். பிணவறையில் பயன்படும் அந்த வேதிப்பொருளை உணவில் சேர்ப்பதற்கு எந்த அனுமதியும் கிடையாது. 2018 ஜூலையில் சென்னைச் சந்தை மீன்களில் ஃபார்மலின் இருந்ததாகச் செய்தி வந்தபோது காசிமேட்டு வியாபாரமே படுத்துவிட்டது. அதே 2018இல் கேரள அரசு ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனை நடத்தியது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், அதே பெயரில் மீண்டும் சோதனை நடத்தி டன் கணக்கில் கெட்டுப்போன மீனைப் பறிமுதல் செய்தது. வழி நீளும்போதும் ஐஸ் குறையும்போதும் கலப்படத்துக்கான ஆசை கூடும் என்பதை அங்கே புரிந்துகொண்டிருந்தார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் உணவு ஆய்வாளர்கள் மற்ற பணிகளுக்கு இழுக்கப்படுவதற்கு மாறாக, சந்தைகளில் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

கோழிக்கு நேர்ந்தது வேறு விதமான விபத்து. ஊரடங்குக்கு முன்பே, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி கைப்பேசிகளில் பறந்தது. அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை விளக்கியும் யாரும் கேட்கவில்லை. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் கோழி தேங்கியது, நாமக்கல் முட்டை விலை சரிந்தது, தீவனத்துக்கே கட்டுப்படியாகாமல் புதுக் குஞ்சு விடுவதைப் பண்ணையாளர்கள் நிறுத்தினார்கள். கறிக்கோழி ஒன்று விற்பனை எடைக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். மார்ச்சில் விடாத குஞ்சு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கடையில் இல்லை. அதற்குள் வதந்தி ஓய்ந்து மக்கள் கோழி கேட்டபோது விலை ஏறிக் கிடந்தது. வேலையும் கூலியும் இல்லாத வீடுகளில் இருந்த மலிவான புரதம் இப்படிப் போனது. ஒரு பொய்யின் விலையை, அதைப் பரப்பியவர் கொடுக்காமல், ஆறு வாரம் கழித்து வியாசர்பாடியில் ஒரு தாய் கொடுத்தாள்.

இனி கோயம்பேடு. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 1996இல் கொத்தவால் சாவடியின் நெருக்கடியிலிருந்து மொத்தச் சந்தையைப் பிரித்து 295 ஏக்கரில் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் டவுனின் சந்துகளில் லாரி நுழைய முடியாத நிலையில் அது தேவையான முடிவுதான். ஆனால் மதனப்பள்ளித் தக்காளி, நாசிக் வெங்காயம், ஊட்டி கேரட், ஆக்ரா உருளைக்கிழங்கு என்று நகரத்துக்கு வரும் எல்லாமே அதன் பிறகு ஒரே வாசல் வழியாக வந்து, ஒரே வாசல் வழியாகப் பிரிந்துபோயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், நள்ளிரவில் வரும் லோடு, விடிவதற்குள் அதை இறக்கி ஏற்றும் தொழிலாளர்கள், தண்டையார்பேட்டையிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் குட்டியானை பிடித்து வரும் சில்லறை வியாபாரிகள் என எல்லாரும் தோளோடு தோள் உரசாமல் அந்த வேலை நடக்காது. கூரைக்கு அடியில், சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி, மூச்சு வாங்க மூட்டை தூக்கும் இடம் அது. மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட நல்ல களம் வேண்டியதில்லை.

சென்னையில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தவுடன், 25ஆம் தேதி கடைகளில் கூடிய கூட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான்கு நாள் கடை இருக்காது என்று ஒரு நாள் முன்னால் சொன்னால் மக்கள் வேறென்ன செய்வார்கள்? தொடர்ந்து கோயம்பேட்டில் தொற்று தெரியவந்தது, மே 5இல் சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை செய்து ஊர் திரும்பியவர்களால் அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை உயர்ந்தபோது, ஊடகங்களில் அந்தத் தொழிலாளர்கள் நோயைச் சுமந்து போனவர்களாகவே பேசப்பட்டார்கள். அவர்கள் சுமந்தது நமது சாம்பாருக்கான காயை. முகக்கவசமும் கை கழுவத் தண்ணீரும் இடைவெளி விட்டு உட்கார ஒரு நிழலும் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது பெரும்பாலும் வாசலில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம். ஏப்ரல் முதல் தேதி திருப்பூரில் ஒன்று வைக்கப்பட்ட பிறகு பல ஊர்ச் சந்தைகளுக்கும் பரவிய அந்தச் சுரங்கங்களால் பயன் இல்லை, மனிதர்கள் மேல் இரசாயனம் தெளிப்பது தீங்கு என்று ஏப்ரல் 18இல் மத்திய சுகாதார அமைச்சகமே சொல்லியது. வாளியில் தக்காளியை முக்கிய அதே பயம்தான் மனிதர்களையும் நனைத்தது.

சந்தை மூடியதும் காய்கறி திருமழிசைக்குப் போனது, பழமும் பூவும் மாதவரம் பேருந்து நிலையத்துக்கு வந்தன. கொருக்குப்பேட்டையிலிருந்து திருமழிசை, கோயம்பேட்டைப் போல இரண்டு மடங்குத் தொலைவுக்கும் மேல். வண்டி வாடகை ஏறியது. மழை பெய்த நாட்களில் தற்காலிகக் கொட்டகைகளைச் சுற்றிச் சேறு. காலை ஐந்து மணிக்குத் தெருவுக்கு வரும் கீரை பத்து மணிக்கு வந்தது, அதற்குள் பாதி வாடியிருந்தது. மாதவரம் எங்களுக்குப் பக்கம் என்பதால் பழம் மட்டும் எளிதாகக் கிடைத்தது. ஆனால் பேருந்து நிலையம் பழம் பழுக்க வைப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. கிருஷ்ணகிரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் மாம்பழம் வரும் பருவம் அது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது, 100 பிபிஎம் வரை எத்திலீன் வாயு பயன்படுத்தலாம் என்பது விதி. அதற்கு மூடிய அறை வேண்டும். இடம் மாறும்போது அறையும் கூடவே மாற வேண்டும் என்பதை யாராவது திட்டத்தில் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே, ஊரடங்கின் முதல் வாரத்தில், ஆணையின் வாசகமே ஒரு சிக்கலை உண்டாக்கியிருந்தது. உணவுப் பொருளுக்குத் தடை இல்லை என்று மார்ச் 24ஆம் தேதி ஆணையில் இருந்தது. ஆனால் உணவு தனியாகப் பயணம் செய்வதில்லை. கோணிச் சாக்கும், பால் பாக்கெட் செய்யும் பிளாஸ்டிக் சுருளும், லாரிக்கு டயரும், ஓட்டுநருக்கு வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையும் வேண்டும். அத்தியாவசியம், அத்தியாவசியம் அல்லாதது என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாச் சரக்கும் போகலாம் என்று உள்துறை அமைச்சகம் மார்ச் 29இல் தெளிவுபடுத்தும் வரை ஓட்டுநர்கள் சாவடிக்குச் சாவடி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு வரவேண்டிய உளுந்து மூட்டைகள் அந்த வாரத்தில் எங்கோ நின்றுவிட்டன. வந்து சேர்ந்தபோது அடி மூட்டை ஒன்றில் ஈரம் ஏறியிருந்தது. சாக்கின் மூலையைப் பிரித்து முகர்ந்து பார்த்த அப்பா, முக்கிப்போன வாடை வருகிறது என்று மூட்டையை அப்படியே தனியே எடுத்து வைத்துவிட்டார். காயவைத்து விற்றிருக்கலாம், கடையில் உளுந்து கேட்டு வரிசை நின்றது. ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் நஞ்சு, வெயிலில் காய்ந்தாலும் வறுத்தாலும் முழுவதும் நீங்காது.

அரிசி விஷயத்தில் வடசென்னை தப்பித்தது. செங்குன்றத்து அரிசி ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நியாயவிலைக் கடையும் தன் வேலையைச் செய்தது: அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், ஏப்ரல் மாதப் பொருட்கள் விலையின்றி, நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. அந்த டோக்கன்தான் அந்த ஆண்டின் மிகச் சிறந்த நோய்த்தடுப்பு ஏற்பாடு என்பது என் எண்ணம். அதே கடை, அதே ஊழியர், அதே அரிசி. கூட்டத்தை மட்டும் நேரத்தில் பரப்பிவிட்டார்கள். மொத்தச் சந்தையிலும் ஆரம்பத்திலேயே அதைச் செய்திருக்க முடியும்.

சமைத்த உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அம்மா உணவகங்கள் அந்த மாதங்களில் எத்தனையோ பேரின் வயிற்றைக் காத்தன. அங்கே கண்ணெதிரே சமைத்துச் சூடாகத் தட்டில் போட்டார்கள். தன்னார்வலர்கள் கொடுத்த பொட்டலங்களின் நிலை அப்படி இல்லை. நல்ல மனதோடு விடியற்காலையில் கிளறிய சாம்பார் சாதத்தைச் சூடாகவே பொட்டலம் கட்டி, பெரிய பெட்டியில் நெருக்கி அடுக்கி, அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்து, மதியம் இரண்டு மணிக்குப் புளியந்தோப்பில் கொடுத்தால், சோற்றில் வேகாமல் பிழைத்திருந்த பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதற்குள் முளைத்துப் பெருகியிருக்கும். சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். பொட்டலத்தின் மேல் கட்டிய நேரத்தை எழுதுங்கள் என்று நான் அப்போது கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சிலர் எழுதினார்கள். தயிர் சாதத்துக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் மாறினார்கள் இன்னும் சிலர், புளிப்பு கொஞ்சம் தாங்கும் என்பதால்.

2020 செப்டம்பர் 28இல் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை மறுபடி திறந்தது. எல்லாம் பழைய வாசலுக்கே திரும்பின. 2021இல் இரண்டாம் அலை வந்து, மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்றபோது, இந்த முறை காய்கறி வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். அது முன்னேற்றம்தான். ஆயினும் வண்டி தெருவுக்கு வருவதற்கு முன் அதில் காயை ஏற்றும் கைகளைப் பற்றிய கவலை அப்போதும் பின்வரிசையிலேயே இருந்தது. மூட்டை தூக்குகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் கூலி போகாமல் வீட்டில் இருக்கலாம் என்ற உறுதி இருந்தால்தான் அவர் காய்ச்சலைச் சொல்வார். அந்த உறுதி இல்லாத சந்தையில் வெப்பமானியை நெற்றியில் காட்டி என்ன பயன்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் கையுறையையும் தொப்பியையும் கேட்கிறது. நோய் விடுப்புக் கூலியையும் அதே பட்டியலில் எழுத வேண்டும் என்பதே என் கருத்து.

மாதவரத்தில் ஒன்று, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்று என வடசென்னைக்கென்று சிறு மொத்தச் சந்தைகள் வேண்டும். அவற்றோடு சேர்த்து ஒரு குளிர்ப்பதனக் கிடங்கும், கூடை மீன் விற்கும் பெண்கள் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ள ஓர் ஐஸ் கடையும் வேண்டும். அவை எல்லா நாளும் இயங்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு பேருந்து நிலையத்தைக் காலி செய்து கொட்டகை போடுவது ஏற்பாடு ஆகாது. எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைத்தான் எழுத்தில் கொடுக்கப்போகிறேன்: கோயம்பேடு நாளை மூடினால், கொருக்குப்பேட்டைக்கு வரவேண்டிய காய் எந்த மைதானத்தில் இறங்கும், அங்கே தண்ணீர்க் குழாய் எத்தனை, இறக்குகிறவர்களுக்குக் கூலி யார் பொறுப்பு?